சதுரங்கம் நன்றாக ஆடுகிறவன் ஷாட்கன் கிங்கில் மூன்றாவது தளத்திலேயே ஏன் சாகிறான்?

தம்பி, நீ கேட்டது இதுதான். பள்ளியில் மாவட்ட அளவில் சதுரங்கம் ஆடியிருக்கிறாய், ஷாட்கன் கிங் என்ற கணினி விளையாட்டை வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, மூன்றாவது தளத்தைத் தாண்ட முடியவில்லை. ஆனால் சதுரங்கமே சரியாகத் தெரியாத உன் ஹாஸ்டல் நண்பன் ஏழாவது தளம் வரை போய்விடுகிறான். எங்கே தப்பு?

தப்பு உன் சதுரங்க அறிவில் இல்லை, அதை எடுத்து வைக்கிற இடத்தில் இருக்கிறது. நானும் காட்பாடியில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டோடு ஒரு கோடை முழுக்கப் போராடியவன். வேலூர் மே மாத வெயிலில் மதியம் வெளியே போக முடியாது, வீட்டுக்குள் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாட்கன் கிங்: தி ஃபைனல் செக்மேட் 2022இல் வந்தது, செய்தவர்கள் பங்க்கேக் டெலிசியூ என்ற சின்னக் குழு. நீ கருப்பு ராஜா. உன் படை முழுக்க உன்னை விட்டு வெள்ளைப் பக்கம் போய்விட்டது. உன்னிடம் இருப்பது ஒரே ஒரு ஷாட்கன். ஒரு முறைக்கு ஒரு கட்டம் நகரலாம், இல்லையென்றால் சுடலாம். வெள்ளை ராஜாவைக் கொன்றால் அந்தத் தளம் முடிந்தது, அடுத்த தளத்துக்கு முன்னால் சீட்டு எடுக்கவேண்டும். முக்கியமான ஆட்டமுறையில் 12 தளங்கள். செத்தால் முதலிலிருந்து. இந்த வகை விளையாட்டுகளை ரோக்லைக் என்கிறார்கள், 1980இல் வந்த ரோக் என்ற விளையாட்டின் பெயரிலிருந்து வந்தது அந்தச் சொல். ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி அமையும், செத்தால் திரும்பக் கிடைக்காது, இந்த இரண்டும்தான் அதன் உயிர்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

சதுரங்கத்தில் நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுப்பது, ராஜாவைப் பத்திரமாக வை, சீக்கிரம் கோட்டை கட்டு, மூலைக்குப் பக்கத்தில் மூன்று சிப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வை. நீ இந்த விளையாட்டில் செய்வதும் அதுதான் என்று நான் பந்தயம் கட்டுவேன். தளம் தொடங்கியதும் ஓரமாகப் போகிறாய், ஒரு மூலையில் நின்றுகொண்டு வருகிறவனைச் சுடலாம் என்று பார்க்கிறாய். ஆனால் உனக்கு முன்னால் நிற்க ஒரு சிப்பாய்கூட இல்லையே. நடுவில் நிற்கும் ராஜாவுக்குப் போக 8 கட்டம் உண்டு, ஓரத்தில் நின்றால் 5, மூலையில் வெறும் 3. அந்த 3இல் ஒன்றை மந்திரி பார்க்கிறான், இன்னொன்றை யானை பார்க்கிறது என்றால் கதை முடிந்தது. (எங்கள் தெருவில் பிஷப்பை மந்திரி என்றும் ரூக்கை யானை என்றும்தான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) நம் ஊர்க் கோட்டைக்கு நான்கு பக்கமும் அகழி இருக்கிறது, பெரிய மதில் இருக்கிறது, அதனால் உள்ளே இருப்பவனுக்குப் பாதுகாப்பு. அகழியும் இல்லாமல் மதிலும் இல்லாமல் மூலையில் போய் நிற்பதற்குப் பெயர் கோட்டை இல்லை, பொறி.

அதனால் நீ நினைவுக்குக் கொண்டுவர வேண்டியது ஆட்டத்தின் தொடக்கத்தை இல்லை, கடைசிக் கட்டத்தை. காய்கள் குறைந்த பிறகு ராஜா வெளியே வந்து, நடுக்கட்டத்துக்கு நடந்து, தானே சண்டை போடுவான் இல்லையா, எதிரி ராஜாவின் வழியை மறிப்பான், சிப்பாய்க்கு முன்னால் போய் நிற்பான். ஷாட்கன் கிங் முதல் நகர்த்தலிலிருந்தே அந்தக் கடைசிக் கட்டம்தான். கடைசிக் கட்டம் நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு இந்த விளையாட்டு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும், திறப்பு நகர்த்தல்களை மனப்பாடம் செய்தவனுக்கு எந்த உதவியும் இல்லை.

இரண்டாவது பழக்கம் இன்னும் ஆபத்தானது. சதுரங்கத்தில் நீ ஒன்று, அவன் ஒன்று. இங்கே அப்படி இல்லை. வெள்ளைக் காய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியும்போதுதான் அந்தக் காய் அசையும். குதிரைக்குச் சீக்கிரம் சீக்கிரம் முறை வரும், சிப்பாய் மெதுவாகத்தான் வரும். அசையப்போகும் காய் நின்ற இடத்திலேயே துடிக்கும், நன்றாகக் கவனித்தால் தெரியும். சில முறை நான்கு காய் ஒன்றாக அசையும், சில முறை ஒன்றுகூட அசையாது. நீ வழக்கமான சதுரங்கக் கண்ணோடு பலகையைப் பார்த்து ராணி என்னைப் பார்க்கிறாள், ஓடு என்று ஓடுகிறாய். ஆனால் ராணிக்கு முறை வர இன்னும் நேரம் இருக்கிறது, ஓடிப்போய் நின்ற கட்டத்தைத்தான் துடித்துக்கொண்டிருக்கும் குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ இரண்டு வாரமாகச் சாவதில் பாதி இப்படித்தான் இருக்கும்.

வேலூரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியைத்தான் சொல்வேன். ஜூலை 10 விடிவதற்கு முன்னால் நம் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள், விடியும் நேரத்துக்குள் கோட்டை ஏறக்குறைய அவர்கள் கையில், திப்புவின் கொடி ஏறிவிட்டது. உள்ளே நடந்த சண்டையில் அவர்கள் தோற்கவில்லை. சேதி ஆற்காட்டுக்குப் போனது, அங்கிருந்து ஆங்கிலேயர்களின் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து இறங்கினார், கோட்டை கைவிட்டுப் போனது. ஆற்காடு என்ன, நம்மிடமிருந்து 25 கிலோமீட்டர்தான். அந்த வீரர்கள் கொடுத்த உயிரை ஒரு விளையாட்டோடு சேர்த்து வைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே, அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கோட்டைக்குள் இருப்பவனை மட்டும் பார்க்காமல் ஆற்காட்டில் இருப்பவன் எத்தனை நேரத்தில் வருவான் என்று எண்ணவேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு முறையும் கையை மவுஸில் வைப்பதற்கு முன்னால், இப்போது துடிப்பது யார், அடுத்த முறை துடிக்கப்போவது யார் என்று இரண்டு கேள்வி கேள். காயின் மேல் கர்சரை வைத்தால் அது எங்கெல்லாம் போகும் என்று விளையாட்டே காட்டும், அதைப் பார்க்கச் சோம்பல் படாதே.

மூன்றாவது பழக்கம், காய்களின் விலை. ராணி 9, யானை 5, மந்திரியும் குதிரையும் 3, சிப்பாய் 1 என்று தலையில் ஊறிப்போயிருக்கும், அதனால் முதலில் ராணியைச் சுடப் பார்ப்பாய். இங்கே விலையை முடிவு செய்வது அந்தக் காய் எவ்வளவு அடிக்கடி அசைகிறது என்பதும், உன் ஒரு கட்ட நடையால் அதைத் தவிர்க்க முடியுமா என்பதும்தான். என் கணக்கில் புதிதாக ஆடுகிறவனுக்கு முதல் எதிரி குதிரை, எப்போதும் குதிரை. அது இருக்கும்வரை வேறு யாரையும் நிம்மதியாகச் சுட முடியாது.

இப்போது உன் சதுரங்க அறிவு உண்மையில் உதவும் இடத்துக்கு வருகிறேன். இதை உன் நண்பனுக்குச் சொன்னால் புரிய ஒரு மாதம் ஆகும், உனக்கு ஐந்து நிமிடம் போதும்.

குதிரை கருப்புக் கட்டத்தில் நின்றால் அது வெட்டுவது வெள்ளைக் கட்டத்தில் இருப்பவனை மட்டும்தான், வெள்ளையில் நின்றால் கருப்பில் இருப்பவனை மட்டும்தான். அப்படியென்றால் குதிரை நிற்கும் அதே நிறக் கட்டத்தில் நீ நின்றால் இந்தக் குதிப்பில் அதனால் உன்னைத் தொட முடியாது. அது குதித்ததும் நிறம் மாறிவிடும், உடனே நீயும் மாறவேண்டும். மேலே கீழே அல்லது பக்கவாட்டில் ஒரு கட்டம் நடந்தால் உன் நிறம் மாறும், மூலைவாட்டில் நடந்தால் மாறாது. இது ஒன்றைக் கையில் பழக்கிக்கொண்டால் தனிக் குதிரை உன்னை ஒருநாளும் கொல்லாது. இன்னொன்று, குதிரைக்கு நேர் பக்கத்துக் கட்டத்தில், அதாவது ஒட்டி மேலேயோ கீழேயோ இடமோ வலமோ நிற்கும் ஆளிடம் வந்து சேர அதற்கு மூன்று குதிப்பு வேண்டும். மூலைவாட்டில் இரண்டு கட்டம் தள்ளி நின்றால் நான்கு. நேர் பக்கத்தில் ஒட்டி நிற்பதும் பத்திரம்தான், சுடுவதற்கும் அதுதான் நல்ல தூரம். குதிரையைக் கண்டு பின்வாங்காதே, அதன் பக்கத்தில் போய் நில். இரண்டு குதிரை வெவ்வேறு நிறத்தில் நின்றால் மட்டும் இந்த நிறக் கணக்கு உதவாது, அப்போது எதையும் யோசிக்காமல் ஒன்றை முதலில் முடித்துவிடு.

மந்திரிக்கும் இதே மாதிரிதான், இன்னும் சுலபம். அவன் பிறந்த நிறத்தை விட்டு மாறமாட்டான், நீ அடுத்த நிறத்தில் நின்றுகொண்டு அவனை ஒட்டிச் சுடலாம். யானையை மூலைவாட்டில் ஒட்டி நின்று சுடு. ராணிக்குப் பக்கத்தில் எட்டுக் கட்டமும் ஆபத்து, அவளுக்கு மிக அருகில் இருக்கும் பத்திரமான இடம் குதிரை நடை தூரம்தான், இரண்டு தள்ளி ஒன்று திரும்பி. சிப்பாய் நேராக வெட்டாது என்பது உனக்குத் தெரியும். தனியாக வரும் சிப்பாய்க்கு நேர் எதிரே நின்றால் அதுவே உனக்கு மதில், அதற்குப் பின்னால் அதே வரிசையில் இருக்கும் யானையும் ராணியும் உன்னைத் தொட முடியாது. பக்கத்து வரிசைச் சிப்பாய் கூடவே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். நான் பல தளங்களில் ஒரு சிப்பாயைக் கடைசிவரை வேண்டுமென்றே சுடாமல் விட்டிருக்கிறேன், அது எனக்கு நிழல் மாதிரி.

துப்பாக்கி. ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் என்ற சிறு இரும்புக் குண்டுகளைப் போட்டுச் சுடுவார்களே, அதை மனதில் வைத்துக்கொள். ஒரு வெடிக்குப் பல சிறு குண்டுகள் சிதறிப் போகின்றன, பக்கத்தில் இருப்பவன் மேல் எல்லாம் விழும், தூரத்தில் இருப்பவன் மேல் ஒன்றிரண்டு விழலாம், விழாமலும் போகலாம். புதிதாக ஆடுகிறவர்கள் பயத்தில் தூரத்திலேயே சுட்டுத் தோட்டாவைத் தீர்த்துவிடுகிறார்கள். ஒரு காயை இரண்டு வெடியில் அரைகுறையாக அடிப்பதைவிட, இரண்டு கட்டம் நடந்து ஒரே வெடியில் முடிப்பது மேல். ஏனென்றால் நடக்கும்போதுதான் துப்பாக்கியில் தோட்டா ஏறும். நடப்பது வீணான முறை இல்லை, அதுவே தோட்டா போடுவதும் இடம் மாறுவதும். சுடு, நகர், சுடு, நகர் என்று ஒரு தாளம் வரவேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கும்போது இரண்டு காய்களுக்கு நடுவில் நிற்காதே. அதோடு, சுடுவதும் ஒரு முறைதான் என்பதால் சுட்ட பிறகும் நீ அதே கட்டத்தில்தான் நிற்கிறாய். யாரைச் சுடலாம் என்பதற்கு முன்னால், சுட்டுவிட்டு இந்த இடத்திலேயே நிற்க முடியுமா என்று பார். முடியாதென்றால் எவ்வளவு நல்ல வாய்ப்பாக இருந்தாலும் விட்டுவிடு. எனக்கு இந்த விளையாட்டில் ஒரே ஒரு விதி மட்டும் சொல்ல அனுமதி உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

வெள்ளை ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் செத்தால் தளம் முடிகிறது, மிச்சம் இருப்பவர்களை ஒருவர் விடாமல் கொல்லவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் இரண்டு மூன்று தளங்களில் அவசரப்படாமல் குதிரையையும் மந்திரியையும் முடித்துவிட்டுப் போவது நல்லது, கை பழகும். மேலே போகப்போகக் கூட்டம் அதிகமாகும், அப்போது ராஜாவுக்கு ஒரு வழி திறந்தால் போய்விடு, அவனுக்கு உயிர் அதிகம், இரண்டு மூன்று வெடி வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு போ.

அடுத்தது சீட்டு. உன் நண்பன் உன்னைத் தாண்டிப் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தளம் முடிந்ததும் இரண்டு ஜோடி வரும், ஒரு ஜோடியை எடுக்கவேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் உனக்கு ஒரு சீட்டு, வெள்ளைக்கு ஒரு சீட்டு. நாம் எல்லாரும் முதலில் நம் சீட்டைத்தான் படிப்போம், ஆசை. வெள்ளையின் சீட்டை முதலில் படி. நம் சீட்டு நன்றாக இருக்கிறதா என்பதைவிட, அவனுக்குப் போகும் சீட்டோடு 12 தளம் வரை வாழ முடியுமா என்பதே கேள்வி, ஏனென்றால் எடுத்தது எடுத்ததுதான், கூடவே வரும். மந்திரி கூடுதலாக வரும் சீட்டை ஒரு தளத்தில் எடுத்தாய், அடுத்த தளத்தில் மந்திரிக்கே பலம் சேர்க்கும் சீட்டு வந்தால் அதை எப்படியாவது தவிர். ஒரே காயின் மேல் இரண்டு பலம் ஏறினால் அது கூட்டல் இல்லை, பெருக்கல். வெள்ளைக்குப் போகும் பலத்தைப் பல காய்களுக்குப் பிரித்து விடுவது உனக்கு நல்லது. குதிரை கூடும் சீட்டை, மேலே சொன்ன நிறக் கணக்கு கைக்கு வரும்வரை, நான் தொடவே மாட்டேன்.

உன் பக்கத்துக்கு, தொடக்கத்தில் வெடியின் பலம் கூடும் சீட்டு எது வந்தாலும் எடு. ஒரே வெடியில் காய் சாகும் என்றால் உனக்கு ஒரு முறை மிச்சம், இந்த விளையாட்டில் ஒரு முறை என்பது ஒரு உயிர். சிதறல் அகலமாவது பார்க்க நன்றாக இருக்கும், நிறையப் பேர் மேல் விழும், ஆனால் யாரும் சாகமாட்டார்கள். குறுகலான சிதறலும் கூடுதல் பலமும் சேர்ந்தால் அருமையான துப்பாக்கி. மூன்றாவது தளத்துக்குள் உன் ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்துவிடு, ஒட்டிச் சுடுகிறவனா, தள்ளி நின்று சுடுகிறவனா. இரண்டுக்கும் பாதிப் பாதி சீட்டு சேர்த்தவன் எட்டாவது தளத்தில் எதற்கும் உதவாத துப்பாக்கியோடு நிற்பான்.

பெரிய காய்களைக் கொன்றால் அதன் ஆன்மா உன்னிடம் வரும், ஒரு தடவை அந்தக் காய் மாதிரி நகரலாம். இதை வைத்து முன்னால் பாய வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். பாயாதே. அது தப்பிக்கும் கதவு. யானையின் ஆன்மா கையில் இருந்தால் நெருக்கடியில் பலகையின் அடுத்த ஓரத்துக்கே போய்விடலாம், குதிரையின் ஆன்மா இருந்தால் சுற்றி வளைத்தவர்களைத் தாண்டிக் குதிக்கலாம். கையில் ஒன்று இருப்பதே உனக்குத் தைரியம் கொடுக்கும், அந்தத் தைரியத்தில் நடுக்கட்டத்தில் நிற்பாய். அப்புறம், தெரியாமல் சாவுக் கட்டத்தில் கால் வைக்கப் போனால் தடுக்கும் கவசம் கொஞ்சம் உண்டு. அது உன் கவனத்துக்கு மாற்று இல்லை, கணக்காகத்தான் கிடைக்கும். ஒவ்வொன்று செலவாகும்போதும் ஆட்டத்தை நிறுத்தி, எந்தக் காயைப் பார்க்காமல் விட்டேன் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஆடு.

இதைப் பழகுவதற்கு நான் செய்தது சொல்கிறேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரே வரி எழுதினேன். எந்தத் தளம், எந்தக் காய், அது துடித்ததைப் பார்த்தேனா இல்லையா, துப்பாக்கியில் தோட்டா இருந்ததா இல்லையா. இருபது வரி சேர்வதற்குள்ளேயே எனக்கு என் தப்பு தெரிந்துவிட்டது, காலித் துப்பாக்கியோடு ஓரத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான். உன் நோட்டு வேறு எதையாவது சொல்லலாம். கோபத்தில் உடனே அடுத்த ஆட்டம் தொடங்காதே, அந்த ஆட்டத்தில் சீட்டைப் படிக்காமல் எடுப்பாய்.

இந்த விளையாட்டு இப்போதைக்கு மனதைச் சோர வைக்கிறது என்றால் நடுவில் பான்பேரியன் ஆடிப் பார், 2021இல் வந்தது. அதில் கையில் மூன்று சீட்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சதுரங்கக் காய், ஒரு முறைக்கு இரண்டு சீட்டை இறக்கி அந்தக் காய்கள் மாதிரி நகர்ந்து பூதங்களை வெட்டவேண்டும். சின்னப் பலகை, சீக்கிரம் முடியும். கடைசியில் எந்தக் கட்டத்தில் நிற்கப்போகிறேன் என்று பின்னாலிருந்து யோசிக்கும் பழக்கம் அதில் நன்றாக வரும், அந்தப் பழக்கம் அப்படியே இங்கே உதவும். முழுப் படையோடு சதுரங்கம் மாதிரியே ஆடவேண்டும் என்று ஆசை இருந்தால் 2023இல் வந்த தி ஊரோபோரோஸ் கிங் இருக்கிறது, அது உனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதை ஷாட்கன் கிங்குக்குப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போதைக்கு ஐந்து ஆட்டம் மட்டும் ஆடு. அந்த ஐந்திலும் ஓரக் கட்டத்துக்குப் போவதில்லை, முதல் தோட்டா குதிரைக்குத்தான், வெள்ளைச் சீட்டைத்தான் முதலில் படிப்பேன் என்று மூன்றை மட்டும் வைத்துக்கொள். நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்பாடிப் பக்கம் வந்தால் உட்கார்ந்து ஒவ்வொரு சாவாகப் பார்த்துவிடலாம், லேப்டாப் சார்ஜரை மட்டும் மறந்துவிடாதே.